வலப்பக்கம் ஒதுங்கிய குண்டுகள்

ஒரு குண்டு வலப்பக்கம் விலகினால் கைப்பிசகு என்று விட்டுவிடலாம். சுட்டதெல்லாம் வலப்பக்கமே போய், சொல்லிவைத்தாற்போல் ஓரிடத்தில் ஒதுங்கி நின்றால் என்ன சொல்வது? கேத்ரின் டார்கெட் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு துப்பாக்கி சுடும் ரேஞ்சின் தகரக் கூரைக்குக் கீழே நின்றாள். பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சலாக இருந்தது. துளைகள் அழகாகத்தான் நெருங்கியிருந்தன. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

“காத்து இல்ல. கொடியப் பாரு, செத்த பாம்பு மாதிரி தொங்குது” என்றார் யாசின் பாய். “துப்பாக்கி நல்ல துப்பாக்கி. தோட்டா நம்மகிட்ட இருக்கிறதுலயே ஒசத்தி. பொறவு மிச்சம் யாரு? நீதான்.”

“நான் என்ன செஞ்சேன் பாய்?”

“வெடிக்கப்போவுதுன்னு ஒன் ஒடம்புக்குத் தெரிஞ்சுபோவுது. வெரல அழுத்துற நேரத்துல தோளு சிலிர்த்துக்கிடுது. அது ஒனக்கே தெரியாது.”

யாசின் பாய் பட்டாளத்திலிருந்து திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்தவர். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இந்த ரைபிள் கழகத்தை நடத்துகிறவரும் அவர்தான். கடையில் ஆணியை எடை போடுவதைவிட இங்கே ஆளை எடை போடுவதில்தான் அவருக்கு ருசி. ஒருமுறை எடை சொல்லிவிட்டால் மாற்றவும் மாட்டார்.

தெரிந்து செய்த தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம். தனக்கே தெரியாமல் தன் தோள் துரோகம் செய்கிறது என்றால் அதை எங்கே போய்ப் பிடிப்பது? கேத்ரினுக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் பாய் அடுத்த குண்டையும் போட்டார்.

“வார ஞாயித்துக்கெழம கடைசிப் போட்டி. அன்னைக்கும் இப்படியே ஒதுங்குச்சுன்னா, அல்ஃபியா போகட்டும். நீ ஏர்கன்னுக்குத் திரும்பிரு. ஒரு வருசம் அதுலயே கெட. சிலிர்க்கிற தோளுக்கு வேற வைத்தியம் கெடையாது.”

மாநிலத் தேர்வுக்கு மதுரை போக இந்த வருஷம் கழகத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெண்கள் இடம். அதற்குக் கேத்ரினும் அல்ஃபியாவும்தான் போட்டி. அல்ஃபியா ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். யாசின் பாயின் தங்கை மகள். அதனால் அவளுக்குச் சலுகை இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். மாமா அவளைத் திட்டுகிறபோது அடிவாரத்து மயில்கள்கூட வாயை மூடிக்கொள்ளும்.

கழகத்திடம் இரண்டு வகைத் தோட்டாக்கள் இருந்தன. ஒன்று சாதாரணம். சத்தம் கம்மி, வேகமும் கம்மி. இன்னொன்று வேகத் தோட்டா. இரண்டிலும் குண்டு ஒன்றுதான்: அதே ஈயம், அதே எடை, அதே மொட்டை மூக்கு. பின்னால் அடைத்திருக்கும் வெடிமருந்துதான் வேகத் தோட்டாவில் கூடுதல். சுட்டால் சாட்டை சொடுக்கினாற்போல் காற்றில் ‘டப்’ என்று ஒரு தனிச் சத்தம் எழும். கேத்ரின் தானாகக் கேட்டு வாங்கியது இந்த வேகத் தோட்டாவைத்தான். எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறதோ, அவ்வளவுக்குக் காற்றுக்கு அதைத் தள்ள நேரம் இருக்காது என்பது அவள் கணக்கு. பாயும் தலையாட்டினார். அல்ஃபியா மட்டும், “எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம் மாமா” என்று சாதாரணத்தோடு நின்றுகொண்டாள்.

ஆக, நல்ல தோட்டாவை வைத்துக்கொண்டு கெட்ட மார்க் வாங்குகிறவள் என்று கேத்ரினுக்குப் பெயர் வந்துவிட்டது.

அன்றைக்கு ராஜபாளையத்தில் தன் வீட்டில் கேத்ரின் சாப்பிடவில்லை. அவள் புருஷன் பெலிக்ஸ், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி நெய்து வெளுக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அவன் தட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஏட்டி, குண்டு கோணப்போனதுக்குச் சோறு என்ன பாவம் செஞ்சுச்சு?”

“என் தோளு சிலிர்க்குதாம்.”

“நான் ஒரு வார்த்த சொன்னாத்தான் நீ சிலிர்ப்ப. துப்பாக்கிக்கெல்லாம் சிலிர்க்கிற ஆளா நீ?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மில்லில்தான் அவளுக்கு வழி பிறந்தது. கேத்ரினுக்கு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலை. ஒரு நூற்புக் கதிரிலிருந்து வருகிற நூல் மட்டும் மோசம் என்று புகார் வந்தால், பஞ்சு சரியில்லை என்பார் ஒருவர், மெஷின் சரியில்லை என்பார் இன்னொருவர். சோதனைக்கூடத்து ஆட்கள் யாரோடும் வாதாடுவதில்லை. அந்தக் கதிருக்கு மேலே தொங்குகிற பஞ்சுத்திரி பாபினை எடுத்துப் பக்கத்துக் கதிருக்கு மாட்டிவிட்டு, பக்கத்துப் பாபினை இங்கே மாட்டுவார்கள். கோளாறு பாபினோடு கூடவே போனால் பஞ்சில் குற்றம். இருந்த இடத்திலேயே இருந்தால் கதிரில் குற்றம். அன்றைக்கும் அப்படி ஒன்றை மாற்றி மாட்டச் சொல்லிவிட்டுத் திரும்பியவள், அப்படியே நின்றுவிட்டாள். மில்லில் தினமும் செய்கிற காரியத்தை ரேஞ்சில் ஏன் செய்யவில்லை? பாய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஏன் மூக்கைச் சிந்தினேன்?

புதன்கிழமை சாயங்காலம் அவள் சொன்ன ஏற்பாட்டைக் கேட்டு யாசின் பாய் முகத்தைச் சுளித்தார். அல்ஃபியாவுக்கு மட்டும் கண் விரிந்தது.

ஏற்பாடு இதுதான். கேத்ரின் தரைவிரிப்பில் குப்புறப் படுத்துக் குறி பார்ப்பாள். அல்ஃபியா பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு வகைத் தோட்டாக்களையும் மடியில் கலந்து வைத்துக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்து அவளே துப்பாக்கிக்குள் செருகுவாள். எது என்று வாயைத் திறக்க மாட்டாள். யாசின் பாய் தொலைநோக்கியில் பார்த்துத் துளை விழுந்த இடத்தைச் சொல்வார். அல்ஃபியா இன்னொரு அட்டையில் வேகத் தோட்டா என்றால் சிவப்பிலும் சாதாரணம் என்றால் நீலத்திலும் புள்ளி வைப்பாள்.

“அதான் ‘டப்’புன்னு சத்தம் வந்தா தெரிஞ்சுபோவுமே” என்றார் பாய்.

“சுட்ட பொறவுதான பாய் சத்தம் கேக்கும்? தோளு சிலிர்க்கணும்னா அதுக்கு முன்னாடியே சிலிர்க்கணும். எது உள்ள இருக்குன்னே தெரியாதப்போ, ஒண்ணுக்குச் சிலிர்த்து ஒண்ணுக்குச் சும்மா இருக்க என் தோளுக்கு ஜோசியமா தெரியும்?”

பாய் தொலைநோக்கிக்குக் குனிந்தார்.

சுட்டு முடித்துக் கேத்ரின் எழுந்து வந்து அட்டையைப் பார்த்தாள். நீலம் ஒரு கூட்டம், சிவப்பு ஒரு கூட்டம், இரண்டும் தனித்தனியாக நின்றன. சிவப்பு சற்று உயரத்தில் இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, வேகமாகப் போகிற குண்டு போகிற வழியில் அவ்வளவாக இறங்காது. ஆனால் நன்றாக வலப்பக்கமும் தள்ளியிருந்தது.

“தோளு இல்ல மாமா” என்றாள் அல்ஃபியா மெதுவாக.

“அப்போ தோட்டா சொத்த. அந்தப் பெட்டியே சரியில்ல” என்றார் பாய். இவ்வளவு சீக்கிரம் அவர் எடையை மாற்றியதே பெரிய விஷயம்.

கேத்ரினுக்கு அதுவும் ஒப்பவில்லை. சொத்தை நூல் என்றால் அங்கே தடிக்கும், இங்கே மெலியும், கண்டபடி போகும். இது அப்படிச் சிதறவில்லை. எல்லாம் ஒரே பக்கம், ஒரே அளவு. இன்னொன்றும் இருந்தது. நீலக் கூட்டமும் நடுவில் இல்லை. அதுவும் கொஞ்சம் வலப்பக்கம்தான். எதுவோ ஒன்று இரண்டையும் தள்ளுகிறது, வேகமானதைக் கூடுதலாகத் தள்ளுகிறது.

“காத்தா?” என்றாள்.

“கொடியப் பாருன்னா!” என்று கத்தினார் பாய்.

பார்த்தாள். ரேஞ்சின் நெடுக நட்டிருந்த கம்புகளில் வெள்ளைக் கொடிகள் அசையாமல் தொங்கின. தூரத்தில் பனைமரங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. ஆடி மாசத்தில் பனை எப்போதுதான் ஆடாமல் இருக்கிறது? சுடுகிற இடத்துக்கு மேற்கே சுவர் இருப்பதால் முகத்திலும் காற்று படவில்லை. மலையிலிருந்து பூஞ்சாரல் மட்டும் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது.

ராஜபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் கேத்ரினும் அல்ஃபியாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். டியூஷன் எடுக்க அவளும் அந்தப் பக்கம்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருத்தியை ஒருத்தி தோற்கடிக்க வேண்டியவர்கள் என்று பார்த்தவர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“காத்தே அடிச்சாலும் வேகமாப் போறது கம்மியாத்தானக்கா ஒதுங்கணும்?” என்றாள் அல்ஃபியா.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். மில்லுல புதுசா வார மேனேஜரெல்லாம் அப்படித்தான் நெனைப்பாக. கதிர் வேகத்தக் கூட்டுனா நூல் கூட வரும்னு கூட்டுவாக. ஒரு அளவு வரைக்கும் வரும். அதுக்கு மேல போனா சூடுதான் ஏறும், இழைதான் அறும். கரண்டு எம்புட்டு திங்குதுன்னா கேக்கணும்? அதுல எம்புட்டு நூலாச்சுன்னுல்ல கேக்கணும்.”

அல்ஃபியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். திடீரென்று கேத்ரினின் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“அக்கா, அந்த ‘டப்’! அந்தச் சத்தம் எங்கேருந்து வருது?”

“குண்டுலேருந்துதான்.”

“குண்டு சத்தத்தைவிட வேகமாப் போவுது. முன்னாடி இருக்கிற காத்து வெலகி வழிவிடுறதுக்குள்ள இது போய் முட்டுது. முட்டி முட்டி, கொண்டுபோன வேகத்தக் கொட்டிக்கிட்டே போவுது. நாம கேக்குற சத்தமே அது கொட்டுறதுதான். சாதாரணத் தோட்டா சத்தத்தோட வேகத்துக்குக் கீழேயே போறதால அம்புட்டுக் கொட்டாது.”

“விளிம்பு முட்ட ரொப்புன வாளி மாதிரி” என்றாள் கேத்ரின். “தூக்கிட்டு ஓடுனா தெருவெல்லாம் ஈரம்.”

“அதேதான். பக்கக் காத்து, குண்டு எம்புட்டு நேரம் பறந்துச்சுன்னு மட்டும் பாக்காது. வழியில எம்புட்டு வேகத்த விட்டுச்சுன்னுதான் முக்கியமாப் பாக்கும். விடுற வேகத்துக்கு ஏத்த மாதிரி ஓரமாத் தள்ளும். கூட விட்டா கூடத் தள்ளும்.”

கேத்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். கூடுதலாக மருந்தைத் தின்றுவிட்டு, வாங்கிய வேகத்தைப் பாதி வழியிலேயே கொட்டிவிட்டுப் போகிற தோட்டாவையா ஒசத்தி என்று கேட்டு வாங்கினோம்! வாங்குவதில் இல்லை, வைத்திருப்பதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். இந்தச் சின்ன விஷயம் இத்தனை நாள் தலையில் ஏறவில்லையே என்று அவளுக்குத் தன்மேல் ஆத்திரம்கூட வந்தது.

“ஆனா காத்து இல்லியே” என்றாள் அல்ஃபியா.

எல்லாம் கூடிவந்து அந்த இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பஸ் ராஜபாளையத்துக்குள் நுழைந்துவிட்டது.

முடிச்சை அவிழ்த்தது பெலிக்ஸ். அவிழ்க்கிறோம் என்று தெரியாமலே அவிழ்த்தான். சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து வந்தவன் வாசலிலேயே பெருமை பேச ஆரம்பித்தான். வாங்குகிற ஆள் வந்து சரக்கைச் சோதித்தானாம்.

“துணிய மடிச்சுத் தண்ணி மேல போடுறான். போட்ட கையோட முங்கிருச்சு! மத்த கம்பெனித் துணி செத்த நேரம் மெதந்துக்கிட்டுக் கெடக்கும். நம்ம துணி அப்படியா? பஞ்சுல இருக்கிற மெழுகையெல்லாம் எடுத்து வெளுத்துல்ல அனுப்புறோம். ஒரு சொட்டுத் தண்ணியக் காட்டுனாலும் உறிஞ்சி வச்சுக்கிடும்.”

கேத்ரின் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

“ரேஞ்சுக்குக் கொடி கட்டக் குடுத்தீயளே, அது எந்தத் துணி?”

“இதே துணிதான். சும்மா வெட்டி எறியுற ஓரத்தையா குடுப்பேன்? ஒனக்குன்னு மொதல் தரத்துல குடுத்தேன்.”

“அடப்பாவி மனுசா” என்றாள் கேத்ரின். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பெலிக்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊரில் வேறு எங்காவது கொடி கட்டியிருந்தால் நைலானிலோ பிளாஸ்டிக்கிலோ கட்டியிருப்பார்கள். ராஜபாளையத்துக்காரி போய்ச் சேர்ந்த கழகம் என்பதால் காயத்துக்குக் கட்டுகிற துணியைக் காற்றுக்குக் கட்டிவிட்டார்கள். வெயில் காலத்தில் அது ஒழுங்காகத்தான் பறந்தது. ஆடிச் சாரலைக் குடித்துக் குடித்துக் கனத்துப்போய், காற்று அடித்தாலும் எழும்பாமல் கிடந்திருக்கிறது. மொதல் தரமாக இருந்ததுதான் அதன் குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மில்லிலிருந்து கேட்டு வாங்கிவந்த பாலியஸ்டர் ரிப்பன்களை அவள் ஒவ்வொரு கொடிக்குப் பக்கத்திலும் கட்டினாள். கட்டிவிட்டுக் கையை எடுத்ததும் ரிப்பன் கிழக்கே பார்த்து எழுந்து படபடத்தது. பக்கத்தில் வெள்ளைத் துணி நனைந்து தொங்கியது. ரேஞ்ச் வடக்கே பார்த்தது. மேற்கிலிருந்து வருகிற காற்று குண்டை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல யாரும் வேண்டியதில்லை.

யாசின் பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மடக்குக் கத்தியை எடுத்து, கம்பு கம்பாகப் போய் வெள்ளைத் துணிகளை அறுத்துப்போட்டார்.

“ஒன் தோளச் சொன்னது என் தப்பு” என்றார் திரும்பி வந்து. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

ஆனால் இடம் ஒன்றுதான். சாதாரணத் தோட்டாவும் ஒருத்திக்குக் காணுகிற அளவுதான் மிச்சம் இருந்தது. அதைச் சுட்டுப் பழகியவள் அல்ஃபியா, அவளுக்கென்று ஒதுக்கியதும்கூட. கேத்ரின் வாயைத் திறந்து கேட்கவில்லை. அல்ஃபியாதான் பெட்டியைத் திறந்து, கண்மட்டத்தில் இரண்டு கூறாகப் பிரித்தாள்.

“ஆளுக்குப் பாதி இது, பாதி அது. அப்படின்னாத்தான் மாமா போட்டி.”

பாய் சரி என்றார்.

கேத்ரின் முதலில் படுத்தாள். சாதாரணத் தோட்டாவில் அவள் கை நன்றாகவே பேசியது. வேகத் தோட்டா வந்ததும் ரிப்பனைப் பார்த்துப் பார்த்து, காற்று எழும்புகிற அளவுக்கு இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தாள். இத்தனை வாரம் கோணலாகச் சுட்டுச் சுட்டு, எது எவ்வளவு ஒதுங்கும் என்று அவளுக்குள்ளே ஒரு கணக்கு ஊறியிருந்தது; முதல் இரண்டு குண்டுகளில் அதை ரிப்பனோடு பொருத்திக்கொண்டாள். கடைசியில் இரண்டொன்று மட்டும் காற்றின் வீச்சில் நழுவின. எழுந்தபோது நம்பிக்கையாக இருந்தது. மதுரை கண்ணுக்குத் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்து அல்ஃபியா. தன் பாதிச் சாதாரணத் தோட்டாக்களைக் கேத்ரினைவிட ஒரு நூலிழை நன்றாகவே சுட்டாள். பிறகு வேகத் தோட்டாவைக் கையில் எடுத்தாள். அன்றைக்கு அடுத்தவளுக்குச் செருகிக் கொடுத்ததோடு சரி, அவள் அதைச் சுட்டதே கிடையாது. படுத்தபடியே தலையைத் திருப்பினாள்.

“அக்கா, எம்புட்டுத் தள்ளிப் பிடிச்சீய?”

யாசின் பாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சொல்லாதே என்று எந்தச் சட்டமும் கேத்ரினைத் தடுக்காது. சொல் என்றும் கட்டாயப்படுத்தாது. ‘பாத்துப் பிடிச்சுக்கோ’ என்று சொன்னால் முடிந்தது. அந்த ஒரு நிமிஷம் கேத்ரினுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெட்டியைக் கூறு போட்டுக் கொடுத்தவள் இவள் என்ற நினைப்பு ஒரு பக்கம் இழுத்தது. அதைவிடப் பலமாக இன்னொன்றும் இழுத்தது. என் கணக்கு என் கைக்கு மட்டும்தானா? இவள் கையிலும் நிற்குமா?

“ரிப்பன் பாதி எழும்புனா ஒரு வளையம் இடப்பக்கம். நேரா நின்னுச்சுன்னா ரெண்டு. அதுக்கு மேல துடிச்சா சுடாத, அடங்குற வரைக்கும் காத்திரு” என்றாள். “நான் கடைசியில காத்திருக்கல. அதான் நழுவுச்சு.”

அல்ஃபியா காத்திருந்து சுட்டாள்.

அட்டைகள் வந்தன. யாசின் பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு துளைகளைப் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அல்ஃபியாவுக்கு ஒரே ஒரு புள்ளி கூடுதல். மதுரை அவளுக்குத்தான் என்றார்.

பொய் சொல்வானேன், கேத்ரினுக்கு வலித்தது. ஆனாலும் அவள் கை முதலில் நீண்டது அல்ஃபியாவின் அட்டைக்குத்தான். வேகத் தோட்டாவின் துளைகள் எங்கே? வலப்பக்கம் தேடினாள். அங்கே ஒன்றுகூட இல்லை. எல்லாம் நட்டநடுவில் இருந்தன. அந்தத் தோட்டாவைச் சுட்டே பழகாத ஒருத்தி, அவள் சொன்ன கணக்கை மட்டும் நம்பிச் சுட்டுப் போட்டவை.

“நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லக்கா” என்றாள் அல்ஃபியா.

“சொல்லாம இருந்திருந்தா, நான் சொன்னது சரிதானான்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?” என்றாள் கேத்ரின். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை உடைந்துகொண்டு வந்தது. அட்டை நனைந்துவிடக் கூடாது என்று அதை மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.